வாசகர் கேள்வி – பதில்: தாய் நடித்த வேடம், மகள் தந்த குரல்

கேள்வி: 1939ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்துக்குக் கார்ட்டூனாக இரண்டாம் பாகம் உண்டு என்றும், அதில் நாயகி டாரதியாகப் பேசியவர், முதல் படத்தில் அந்த வேடத்தில் நடித்த ஜூடி கார்லண்டின் மகள் என்றும் நண்பர் ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்: உண்மைதான். ‘ஜர்னி பேக் டு ஓஸ்’ என்ற அந்தப் படத்தில் டாரதிக்குக் குரல் கொடுத்தவர் லைசா மின்னெலி. தாய் டாரதியாகக் கேமரா முன் நின்றபோது அவருக்கு வயது 16. மகளின் குரல் பதிவானதும் ஏறத்தாழ அதே வயதில்தான், 1960களின் தொடக்கத்தில். சில பாடல்களில் ஒரு சொல்லை நீட்டி, முடிவில் மெல்ல நடுங்கவிடும் இடத்தில் தாயின் சாயல் பளிச்சென்று தெரிகிறது. அந்த இடங்களில் நான் படத்தைப் பார்க்க மறந்து பாட்டை மட்டும் கேட்டிருக்கிறேன். இதைவிட வேடிக்கை, முதல் படத்தில் பச்சை முகத்தோடு குழந்தைகளைக் கதிகலங்க வைத்த சூனியக்காரி மார்கரெட் ஹாமில்டன், இதில் ‘எம்’ என்ற பெயருடைய, டாரதியின் பாசமுள்ள அத்தையாகப் பேசியிருப்பது!

கேள்வி: அப்படியானால் படம் 1970களில் வெளிவந்ததாகக் குறிப்புகள் சொல்வது ஏன்?

பதில்: பணம் இல்லாததே காரணம். 1962இல் வேலையைத் தொடங்கிய ஃபில்மேஷன் என்ற கார்ட்டூன் நிறுவனம் அப்போது கைக்குழந்தை. குரல்களைப் பதிவு செய்து, கொஞ்சம் படமும் வரைந்த பிறகு கையிருப்பு கரைந்துபோக, வேலை அப்படியே நின்றது. பின்னர் சூப்பர்மேன், ஆர்ச்சி போன்ற தொலைக்காட்சித் தொடர்கள் வழியே நிறுவனம் காலூன்றிய பிறகே மிச்சத்தை முடிக்க முடிந்தது. பிரிட்டனில் 1972இலும் அமெரிக்காவில் 1974இலும் படம் திரைக்கு வந்தது. அதற்குள் ஜூடி 1969இல் காலமாகிவிட்டார். அமெரிக்காவில் படம் வந்தபோது லைசாவோ ‘காபரே’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய நட்சத்திரமாகியிருந்தார். திரையில் கேட்டதோ, பள்ளிச் சிறுமியின் கூச்சம் இன்னும் கலையாத பழைய குரல்.

கேள்வி: கதை எப்படி? குழந்தைகளுக்குக் காட்டலாமா?

பதில்: எல். ஃபிராங்க் பாம் 1904இல் எழுதிய இரண்டாவது ஓஸ் நாவலிலிருந்து மோம்பி என்ற சூனியக்காரியையும் பூசணித்தலையன் ஜாக்கையும் எடுத்துக்கொண்டு, மற்றதைத் தாராளமாக மாற்றியிருக்கிறார்கள். நாவலில் ஓஸ் நாட்டின் தலைநகரான மரகத நகரைப் பிடிப்பது பின்னல் ஊசி ஏந்திய பெண்களின் படை. படத்திலோ மோம்பி மந்திரத்தால் உருவாக்கிய பச்சை யானைகளின் கூட்டம். யானைகள் அணிவகுத்து வரும் காட்சியைக் குழந்தைகள் ரசிப்பார்கள். ஆனால் கதை சூடுபிடிக்கும் நேரமெல்லாம் யாராவது ஒருவர் பாட வந்து நிற்பது பெரியவர்களின் பொறுமையைச் சோதிக்கும். முதல் படத்தில் டாரதிக்கு வீடு திரும்ப வேண்டும் என்ற ஒரே ஏக்கம் இருந்தது. அதுவே படத்தை இழுத்துச் சென்றது; இதில் அவளுக்கென்று அப்படியொரு ஏக்கம் வலுவாக அமையவில்லை என்பதே என் குறை. லைசாவின் குரலுக்காகவும், மோம்பியாக முழங்கும் எதெல் மெர்மனுக்காகவும் ஒருமுறை பார்க்கலாம்.

கேள்வி: முதல் படத்தை எடுத்த எம்.ஜி.எம். நிறுவனம்தானே இதையும் எடுத்திருக்க வேண்டும்?

பதில்: அவர்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1900இல் வெளியான முதல் நாவலின் பதிப்புரிமை 1956இலேயே முடிந்துவிட்டதால், யார் வேண்டுமானாலும் டாரதியை வைத்துப் படம் எடுக்கலாம். ஆனால் எம்.ஜி.எம். தன் கற்பனையில் சேர்த்தவற்றைத் தொட முடியாது. நாவலில் டாரதியின் காலணி வெள்ளிதான். டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அதைச் சிவப்பாக்கியவர்கள் எம்.ஜி.எம். காரர்கள். 1985இல் ‘ரிட்டர்ன் டு ஓஸ்’ எடுத்த டிஸ்னி நிறுவனமே அந்தச் சிவப்புக் காலணியைக் காட்டுவதற்கு அவர்களிடம் பணம் கட்ட வேண்டியிருந்தது.