கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்களுடையது 800 சிசி சின்னக் கார். நான்கு பேர் போகிறோம். 70 கொண்டை ஊசி வளைவும் ஏறுமா?

பதில்: தாராளமாக ஏறும். எல்லோரும் ஏறுவதைப் பற்றியே கேட்கிறீர்கள். ஆபத்து இறங்கும்போதுதான். செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும்போது இரண்டாம் கியரில் வாருங்கள், வளைவு ரொம்ப நெருக்கமாக இருந்தால் முதல் கியர். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் முதலில் கருகல் வாடை வரும். அப்புறம் பெடல் பஞ்சுபோல அமுங்கும். வாடை வந்தவுடனேயே அகலமான இடமாகப் பார்த்து ஓரம்கட்டி, நன்றாக ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கேள்வி: வளைவில் எதிரே பேருந்து வந்தால்?

பதில்: பேருந்துக்கு முழுச் சாலையும் வேண்டும், உங்கள் பக்கத்துக்கும் வந்துதான் அது திரும்ப முடியும். அதனால் வளைவுக்குள் நுழையாமல் முன்பே நின்றுவிடுங்கள். ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குகிறவர்தான்.

கேள்வி: ஐயா, கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைச் சேரன் கொன்றான் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். சரியா?

பதில்: இல்லை. கொன்றவன் முள்ளூர் மன்னன் காரி. ஓரியைக் கொன்று, ‘செவ்வேர்ப் பலவின் பயங்கெழு கொல்லி’யைச் சேரருக்குக் கொடுத்தான் என்று அகநானூறு 209 தெளிவாகச் சொல்கிறது. பாட்டில் வரும் அந்தப் பலாமரங்களை இன்றும் சாலையோரத்தில் பார்க்கலாம். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துப் போனதைச் சொல்வது புறநானூறு 152. செம்மேட்டில் ஓரியின் சிலை இருக்கிறது. சிலைக்கு முன்னால் படம் எடுப்பவர்கள் அந்தப் பாட்டையும் ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம்.

கேள்வி: காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஆயிற்றே. ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்றான் என்பதை நம்ப முடியவில்லை. புலவர்கள் மிகைப்படுத்தியிருப்பார்கள்.

பதில்: இதில் எனக்கு உடன்பாடில்லை. வள்ளல் என்பதால் போருக்குப் போகாமல் இருந்துவிடுவானா? ஏழு வள்ளல்களையும் வரிசையாகப் பாடும் சிறுபாணாற்றுப்படையே, காரி என்ற குதிரையில் வந்த காரியோடு ஓரி என்ற குதிரையில் ஓரி போரிட்டதையும் சொல்கிறது. நற்றிணை 320-ஐயும் பாருங்கள். ஓரியைக் கொன்ற காரி அவனுடைய பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் உவமையாக்குகிறார். கேட்பவர்களுக்கு அந்தச் செய்தி பழக்கமானதாக இருந்தால்தான் உவமை எடுபடும். மூன்று புலவர்கள் கூடிப் பொய் சொன்னார்கள் என்பதைவிட, போர் நடந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்லும் பொம்மையாமே?

பதில்: அது பின்னாளில் வழங்கிய கதை. குறுந்தொகை 89, 100 இரண்டிலும் பாவை வருவது ஒரு பெண்ணின் அழகுக்கு உவமையாகத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். 100-இல் கொல்லி ஓரியின் மலை, 89-இல் சேரன் பொறையனின் மலை. மலை கைமாறியதை இந்தக் காதல் பாட்டுகளிலேயே பார்க்கலாம். எட்டுக்கை அம்மனைத்தான் பாவை என்று ஊரில் வழிபடுகிறார்கள். கோயிலுக்குப் போனால் அந்த நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுங்கள்.

கேள்வி: அண்ணே, பழைய கார்தான். 70 வளைவும் ஏறுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியர்.

கேள்வி: ஆகாயகங்கை அருவிக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா? வயது 68, முழங்கால் வலி உண்டு.

பதில்: வேண்டாம். ஆயிரத்துக்கும் மேல் படிகள், பல இடங்களில் செங்குத்து. இறங்கிவிடலாம், திரும்ப ஏறுவதுதான் பாடு. அம்மாவை அறப்பளீஸ்வரர் கோயிலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். குளிக்க ஆசைப்பட்டால் மாசிலா அருவி அவருக்குச் சுலபம். கனமழை நாட்களில் ஆகாயகங்கைக்கு விடமாட்டார்கள். அங்கே நிற்பவர்களிடம் வாதாடாதீர்கள், வெள்ளம் சொல்லிவிட்டு வருவதில்லை.

கேள்வி: கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேர் போகலாமா?

பதில்: நான் அனுப்ப மாட்டேன். இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தாது, மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில்தான் விழும். நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் பேருந்து இருக்கிறது. ஜன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் போங்கள்.

கேள்வி: வளைவு குறைந்த பாதை ஏதும் உண்டா?

பதில்: முள்ளுக்குறிச்சி வழி. ராசிபுரம், ஆத்தூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் வசதி.

கேள்வி: ஆடிப்பெருக்கு அன்று போகலாமா? அங்கே என்ன வாங்கலாம்?

பதில்: அப்போது செம்மேட்டில் ஓரி விழா நடக்கும், கோயிலிலும் கூட்டம் தாங்காது. விழா பார்க்க வேண்டுமென்றால் முந்தின நாளே ஏறிவிடுங்கள். அமைதி வேண்டுமென்றால் வேறு நாள் பாருங்கள். மிளகு, சாமை, அன்னாசி, மலைவாழைப்பழம் எல்லாம் சோளக்காட்டுச் சந்தையில் கிடைக்கும். விளைவித்தவர்களே கொண்டுவந்து விற்கிறார்கள், அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: டீசல் வண்டி, ஏழு பேர், ஏறுமா?

பதில்: ஏறும். இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

கேள்வி: அப்படியே ஏற்காட்டுக்கும் ஒரே நாளில் திட்டம் போட்டுத் தர முடியுமா?

பதில்: ஏற்காடு போய் வந்தவர்களிடம் கேளுங்கள். கொல்லிமலைக்கு ஒரு ராத்திரியாவது தங்குகிற மாதிரி வந்தால் எழுதுங்கள், வழி சொல்கிறேன்.