வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்: பெரியவரின் பத்திரப் பை

கேள்வி: மன்னார்குடியில் மூன்று ஆண்டுகளாக வழக்கறிஞர் தொழில் செய்கிறேன். 81 வயதுப் பெரியவர் ஒருவரை அவருடைய இளைய மகன் அழைத்து வந்தார். ஆறு மா நஞ்சையையும் குடியிருக்கும் வீட்டையும் தன் பெயருக்கு இப்போதே உரிமை மாறும்படி செட்டில்மெண்ட் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்கிறார் மகன். பெரியவர் தலையசைத்ததோடு சரி. மூத்த மகனும் திருமணமான மகளும் இருக்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கட்சிக்காரர் யார் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஃபீஸ் கொடுப்பவர் மகனாக இருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போடப்போகிறவர்தான் கட்சிக்காரர். மகனைக் காப்பி சாப்பிட்டு வரச் சொல்லிவிட்டு, பெரியவரிடம் அரைமணி நேரமாவது தனியாகப் பேசுங்கள். "பத்திரம் பதிவான மறுநாள் இந்த வீடு யாருடையது?" என்று கேட்டு, அவர் வாயாலேயே பதில் வரட்டும் என்று காத்திருங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதைச் செய்யத் தவறினேன். வயதான அம்மாள் ஒருவருக்கு, அவர் மகன் சொன்னபடியே ஆவணத்தைத் தயாரித்துப் பதிவுக்குக் கிளம்பும் நேரத்தில், அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல கைநாட்டு வெச்சா ஓ.ஏ.பி. பணம் வந்துடுமா தம்பி?" என்று முதியோர் உதவித்தொகையைப் பற்றிக் கேட்டார். அன்று பதிவு நடக்கவில்லை.

அடுத்தது அவருடைய பத்திரப் பை. நம் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் மூலப்பத்திரம், கிஸ்தி ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் சீட்டு, ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எல்லாம் ஒரே மஞ்சள் பையில்தான் இருக்கும். எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பத்திரத்தில் மா, குழிக் கணக்கும், பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கும் இருக்கும். ஒரு மா சுமார் 33 சென்ட் என்பதால், ஆறு மா என்பது பட்டாவில் ஏறக்குறைய 81 ஏர்ஸாக வர வேண்டும். குறைந்தால், நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். அளவையின்போது ஒரு துண்டு நிலம் பக்கத்துப் புலத்தோடு சேர்ந்துவிட்டதா, பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ பங்காளிகளோடு கூட்டாகவோ நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டா வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே. உரிமையைக் காட்டுவது பத்திரம். நிலத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றையும் எடுத்துவிடுங்கள்.

நிலம் அவர் சம்பாதித்ததா, பூர்வீகமா என்பதும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால், 2005 இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தின்படி மகளும் மகன்களைப் போலவே பிறப்பால் பங்குதாரர். 2020இல் உச்ச நீதிமன்றம் இதை மேலும் தெளிவுபடுத்தியது. அப்படிப்பட்ட நிலத்தைத் தந்தை ஒருவரே முழுவதுமாக எழுதிக் கொடுத்தால், நடவு முடிவதற்குள் நீதிமன்ற நோட்டீஸ் வரும்.

செட்டில்மெண்டா, உயிலா என்ற கேள்வியில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. குடியிருக்கும் வீட்டை உயிரோடிருக்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டாம் என்றுதான் பெரியவர்களிடம் சொல்வேன். செட்டில்மெண்ட் பதிவாகிச் சொத்து கைமாறிவிட்டால், எழுதியவர் மனம் மாறினாலும் ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. உயிலையோ, தெளிவோடு இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்; முத்திரைத்தாள் தேவையில்லை; பதிவும் கட்டாயமில்லை, ஆனால் செய்வது நல்லது. குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். பின்னாளில் உயிலின்மேல் வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டேற வேண்டியிருக்கும் என்பதால், பெரியவரின் வயதொத்த நண்பர்களைத் தவிர்த்து, சொத்தில் பங்கு பெறாத இளையவர்களைத் தேர்ந்தெடுங்கள். குடும்ப மருத்துவர் சாட்சியாக வந்தால் மிகவும் நல்லது.

இவ்வளவும் கேட்ட பிறகும் பெரியவர் தம் விருப்பத்தோடு செட்டில்மெண்ட்தான் என்றால், வாழ்நாள் அனுபவ உரிமையைத் தமக்கும் மனைவிக்கும் நிறுத்திக்கொள்ளும்படியும், மகன் உணவு, உறைவிடம், வைத்தியம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலேயே சொத்தைக் கொடுப்பதாகவும் எழுதுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிரிவு 23இன் கீழ், அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தாக வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. ஒரு வரி எழுதிவிட்டால் அந்தச் சண்டைக்கே இடமில்லை. மகனுக்கு அந்த வரி கசந்தால், அதைப் பெரியவர் பார்க்கட்டும்.

கேள்வி: அப்பா காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. அவருடைய வங்கி டெபாசிட்டுக்கு அண்ணன்தான் நாமினி. முழுப் பணமும் அவருக்கே என்கிறார். சரியா? (குத்தாலம் வாசகி)

பதில்: சரியில்லை. வங்கி நாமினி பணத்தை வாரிசுகளுக்காக வாங்கி வைப்பவரே தவிர உரிமையாளர் அல்லர். உயில் இல்லையென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அம்மாவுக்கும் பிள்ளைகள் அனைவருக்கும், அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் சமபங்கு உண்டு. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வையுங்கள். ஆயுள் காப்பீட்டுப் பணத்தில் மட்டும் இதே விதியை எதிர்பார்க்காதீர்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் அம்மா உயிலைப் பதிவு செய்ய விரும்புகிறார். தூக்கிக்கொண்டுதான் போக வேண்டுமா? (பாபநாசம் வாசகர்)

பதில்: வேண்டாம். மருத்துவச் சான்றோடு மனுக் கொடுத்து, அதற்கான கட்டணத்தையும் செலுத்தினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கையெழுத்து வராவிட்டால் கைநாட்டு போதும். அவர் வரும் நாளன்று அம்மாவின் காதுக் கருவிக்குப் புதிய பாட்டரி போட்டு வையுங்கள். கேள்விகளைச் சார்பதிவாளர் உங்கள் அம்மாவிடம்தான் கேட்பார். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.