குழந்தையின் வயிற்றுவலி குடல்வாலாக இருக்குமா? கேள்வி பதில்

கேள்வி: ஏழு வயசுப் பையன். நேத்து ராத்திரியிலிருந்து தொப்புளைச் சுத்தி வலிக்குதுங்கறான். ரெண்டு தடவை வாந்தி. சாப்பாடு சேரலையா, குடல்வாலா? எப்படித் தெரிஞ்சுக்கிறது டாக்டர்?

பதில்: எது முந்தியது என்று யோசித்துப் பாருங்கள். குடல்வால் அழற்சியில் (அப்பெண்டிசைட்டிஸ்) பெரும்பாலும் வலிதான் முதலில். வாந்தி சில மணி நேரம் பிந்தித்தான் வரும். வாந்தி, பேதியில் ஆரம்பித்து, வலி விட்டுவிட்டு வந்தால் சாப்பாட்டுக் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தொப்புளைச் சுற்றிய மந்தமான வலி 24 மணி நேரத்துக்குள் வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் சந்தேகம் வலுக்கும். குடல்வால் அடைபட்டு உப்பும்போது மூளைக்கு அது தொப்புள் பக்கத்து வலியாகத்தான் தெரிகிறது. வீக்கம் வயிற்றின் உட்சுவரைத் தொட்ட பிறகே இடம் துல்லியமாகும்.

பையனை எழுந்து நின்று குதிக்கச் சொல்லுங்கள். குதிக்க மாட்டேன் என்று வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டால், இருமினாலும் அங்கேயே சுரீரென்றால், இன்றைக்கே அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். விளக்கெண்ணெய், எனிமா எதுவும் வேண்டாம். கிளம்பும்போது சோறு ஊட்டாதீர்கள். அறுவை சிகிச்சை என்றால் ஆறு மணி நேரம் வெறும் வயிறு தேவைப்படும்.

கேள்வி: நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். குழந்தை வயிற்றைத் தொடவே விடுவதில்லை. எப்படிப் பார்ப்பது?

பதில்: கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு இடப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வலிக்கிற இடம் கடைசியில். கண் வயிற்றில் அல்ல, முகத்தில் இருக்கட்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே தொடும்போது ஓரிடத்தில் புருவம் சுருங்கும். இடுப்பெலும்பின் வலது முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள புள்ளிதான் முக்கியம். அழுத்திச் சட்டென்று கையை எடுக்கும் பரிசோதனை குழந்தைகளுக்கு வேண்டாம். ஒரு தடவை அலறினால் அடுத்து யாரையும் தொட விடாது. விரலால் மெதுவாகத் தட்டினாலே போதும்.

மதிப்பெண் முறை ஒன்றும் உண்டு, மொத்தம் 10. வலி இடம் மாறுதல், பசியின்மை, வாந்தி அல்லது குமட்டல், 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல், ரத்தத்தில் வெள்ளணுக்கள் 10,000-க்கு மேல், அவற்றில் நியூட்ரோஃபில் 7,500-க்கு மேல்: ஒவ்வொன்றுக்கும் 1. வலது அடிவயிற்றில் தொட்டால் வலிக்கு 2. இருமும்போது, குதிக்கும்போது, தட்டும்போது வரும் வலிக்கு 2. மூன்று வரை அபாயம் குறைவு. ஏழும் மேலும் என்றால் உடனே அனுப்புங்கள். நடுவில் நிற்பவர்களுக்குத்தான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பெரிதும் உதவும்.

கேள்வி: ரத்தப் பரிசோதனை நார்மல், யூரினில் மட்டும் கொஞ்சம் சீழ் செல். அப்போ யூரின் இன்ஃபெக்‌ஷன்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். முதல் நாளில் வெள்ளணுக்கள் ஏறாமலே இருக்கலாம். அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்த அளவு அதைவிடத் தாமதமாக ஏறும். வீங்கிய குடல்வால் சிறுநீர்ப்பையில் உரசிக்கொண்டு கிடந்தாலே சிறுநீரில் சீழ் செல் வரும். ஆன்டிபயாடிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாள் கழித்து வெடித்த குடல்வாலோடு திரும்பி வரும் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: ஸ்கேன் ரிப்போர்ட்டில் "குடல்வால் தெரியவில்லை, நெறி கட்டியிருக்கிறது" என்று போட்டிருக்கிறார்கள். பயமில்லையே?

பதில்: தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. குடலில் காற்று நிறைந்திருந்தாலோ, குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலோ அகப்படாது. தெரிந்து, 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அழுத்தினாலும் நசுங்காமல் இருந்தால் அழற்சி. நெறி பல குழந்தைகளுக்கு இருக்கும். அது குடல்வாலை விலக்கும் சான்று ஆகாது. வலி தொடர்ந்தால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் அதே மருத்துவர் மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மறு ஸ்கேன். என்னைக் கேட்டால், அந்த இரண்டாவது தொடுகைதான் எந்த ரிப்போர்ட்டையும்விட அதிகம் சொல்லும். சிடி ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு என்பதால் அது கடைசியில்.

கேள்வி: வலி மாத்திரை கொடுத்தால் நோய் மறைந்துவிடுமாமே?

பதில்: பழைய நம்பிக்கை. கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் கொடுக்கலாம். வலி அடங்கிய குழந்தையைப் பரிசோதிப்பதுதான் சுலபம். கொடுத்த நேரத்தை எழுதி வையுங்கள். காய்ச்சல் அளவு மாறும்.

கேள்வி: என் மகளுக்கு மூணு வயசு. வலி எங்கேன்னு சொல்லத் தெரியாதே?

பதில்: இந்த வயதில் நோய் அரிது, ஆனால் வந்தால், கண்டுபிடிக்கும்போது பாதிக்கு மேல் வெடித்தே இருக்கும். வயிறு உப்பல், காய்ச்சல், தூக்கினால் அழுகை, கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் படுத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சளியோடு அடிக்கடி பேதி போனால், அது இடுப்புக்குழியில் தேங்கிய சீழ் மலக்குடலை உறுத்துவதாலும் இருக்கலாம். கடுமையான வலி திடீரென்று குறைந்து, பிறகு காய்ச்சல் ஏறி, வலி வயிறு முழுதும் பரவினால் அது குணமல்ல, வெடித்ததன் அடையாளம்.

கேள்வி: ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

பதில்: வெடிக்காமல், உள்ளே மலக்கல் (கல்லாக இறுகிய மலம்) இல்லாமல் இருந்தால் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்ப்பதுண்டு. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

கேள்வி: பத்து வயசுப் பையன், அடிவயிறு வலிக்குதுன்னான். டாக்டர் டிராயரைக் கழட்டச் சொன்னார். எதுக்கு?

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறார். விதை முறுக்கிக்கொண்டாலும் பையன்கள் வெட்கப்பட்டு அடிவயிறு என்றுதான் சொல்வார்கள். அதற்குக் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். பெண் குழந்தைகளுக்குச் சினைப்பை முறுக்கிக்கொள்வதும் இதே மாதிரி வலிக்கும்; வலது நுரையீரலின் அடிப்பகுதி நிமோனியாவும்கூட. அதனால் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்காமல் வயிற்றுவலிக்கு மருந்து எழுதினால், வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.