ப்ராஜெக்ட் யாருக்குக் கொடுத்தது?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எந்த ப்ராஜெக்ட் என்றாலும் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரிதான் வாயைத் திறக்கிறாள். விடிய விடிய உட்கார்ந்து வெட்டி ஒட்டுவது நான். செய்து கொடுக்காவிட்டால் மார்க் போய்விடும். மற்ற பிள்ளைகள் கொண்டுவருவதெல்லாம் கண்காட்சிக்கு வைப்பதுபோல இருக்கிறது. அடுத்த மாதம் செடிக்கு வெளிச்சம் தேவையா என்று செய்து காட்ட வேண்டுமாம். பத்து நாள் தருவார்கள். நான் எந்த அளவுக்கு உதவலாம்?
– ஒரு வாசகி

பதில்: வெட்டுவதும் ஒட்டுவதும் எழுதுவதும் அவள் வேலை. அதில் இனி கை வைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அட்டை வெட்டத் தெரியும். தெரியாதது, ஒரு வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கணக்குப் போடுவது. உங்கள் உதவி தேவைப்படும் இடம் அதுதான். அங்கேதான் நீங்கள் இதுவரை உதவவில்லை.

அதற்காக அவளைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். இந்தக் கணக்கில் பெரியவர்களே கோட்டை விடுகிறார்கள். தன் வேலை எப்போது முடியும் என்று கேட்டால் மனிதர்கள் குறைத்தே சொல்வார்கள் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். 55 நாளுக்கு மேல் ஆனது. ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கோபித்து என்ன பயன்?

தலைப்பு சொன்ன அன்று சாயங்காலமே அவளோடு உட்காருங்கள். பேனா அவள் கையில் இருக்கட்டும். கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள். எழுதவும் படம் வரையவும் இரண்டு நாள். செடி வளர்வதைப் பார்க்க ஐந்து நாள். பயறு முளைவிட இரண்டு நாள். ஊறவைக்க ஒரு ராத்திரி. கூட்டிப் பார்த்தால், அன்று ராத்திரியே பயறைத் தண்ணீரில் போட்டாக வேண்டும் என்று அவளே கண்டுபிடிப்பாள். நீங்கள் நூறு தடவை "சீக்கிரம் ஆரம்பி" என்று சொல்லியும் வராத வேகம் அந்தக் கூட்டலில் வந்துவிடும்.

ஒரு தொட்டியை ஜன்னலோரத்திலும் இன்னொன்றை அட்டைப் பெட்டிக்குள்ளும் வைப்பாள். நாலாம் நாள் முகம் தொங்கிப்போய் வந்து நிற்பாள். "அம்மா, தப்பாயிடுச்சு. இருட்டுல வச்சதுதான் உயரமா வளர்ந்திருக்கு!" பெற்றோர் பலர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். தொட்டியை மாற்றி வைக்கிறார்கள், அல்லது இணையத்தில் ஒரு படத்தை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அங்கே தப்பு எதுவும் நடக்கவில்லை. வெளிச்சம் கிடைக்காத நாற்று, விதையில் இருக்கும் சேமிப்பைச் செலவழித்துத் தண்டை நீட்டிக்கொண்டே போகும். பச்சையம் உருவாகாததால் வெளிறி மஞ்சளாக இருக்கும். இலை சரியாக விரியாது. "உயரமா இருக்கு, சரி. நிறம் எப்படி இருக்கு? தண்டு நிமிர்ந்து நிக்குதா?" இவ்வளவு மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மீதியை அவள் பார்த்து எழுதுவாள். "தப்பாகிவிட்டது என்று நினைத்தேன்" என்ற வரியும் அந்த நோட்டில் இருக்கட்டும். எனக்கு அதுதான் ப்ராஜெக்ட்டிலேயே உயர்ந்த வரி.

டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெய்ல் ராஸ் மூவரும் 1976-ல் வெளியிட்ட ஆய்வில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளை இணைத்துப் பிரமிடு கட்டினார்கள். சொல்லிக்கொடுத்தவர், முடிந்த அளவு பிள்ளைகளையே செய்யவிட்டு, தடுமாறிய இடத்தில் மட்டும் கைகொடுத்தார். மூன்று வயதுக் குழந்தைக்கே அந்த இடைவெளி கொடுக்கலாம் என்றால் உங்கள் மகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கூர்கத்தி, அடுப்பு, சூடான பசை என்றால் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். பொருள் பட்டியலை அவள் எழுதட்டும், வாங்கித் தருவது நீங்கள்.

மார்க் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. பெரியவர்கள் செய்த வேலையோடு ஒரு பிள்ளையின் கோணல் எழுத்தை ஒப்பிடுவது அநியாயம். அதற்காக நீங்களும் போட்டியில் இறங்கினால் அநியாயம் இரட்டிக்கும். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: ப்ராஜெக்ட்டைப் பற்றிப் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்டு, அதையும் சேர்த்து மார்க் போட முடியுமா? அம்மா செய்ததா, பிள்ளை செய்ததா என்பது அந்த இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும். இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன்: நீங்கள் ஜிகினாவுக்கு மார்க் போடுவதால்தான் வீடுகளில் ராத்திரி விளக்கு அணைவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து நின்றால்? முடிந்தவரை அவளே செய்யட்டும். நேரத்துக்குப் படுக்கச் சொல்லுங்கள். முடியாத பகுதியை மறுநாள் அவளே டீச்சரிடம் சொல்லட்டும். நீங்கள் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டாம், போனும் செய்ய வேண்டாம்.