‘சும்மா விசாரணைக்குத்தான்’ என்று அழைத்தால்…

கேள்வி: எங்கள் பகுதியில் பைக் திருடுபோன புகார் தொடர்பாக, ‘சும்மா விசாரணைக்குத்தான்’ என்று 24 வயது மகனைக் காவல் நிலையத்திலிருந்து போனில் அழைத்தார்கள். காலையில் போனவனை இரவில்தான் அனுப்பினார்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். மறுபடியும் வரச் சொல்கிறார்கள். போகாமல் இருக்கலாமா? வக்கீலை அழைத்துச் செல்லலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: போகாமல் இருப்பது நல்லதல்ல, ஆனால் எழுத்து மூலமான அழைப்பாணையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவதே முறை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, சாட்சியாக அழைத்தால் 179-வது பிரிவின் கீழும், சந்தேகத்துக்குரியவராக அழைத்தால் 35(3) பிரிவின் கீழும் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவதுகூடச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டுதான் என்பதால், நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிறவரை, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. இந்தக் காகிதத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: பதிவேட்டில் ஏறாத ‘விசாரணை’ நேரத்தில்தான் பெரும்பாலான அத்துமீறல்கள் நடக்கின்றன.

விசாரணையில் பெயரையும் முகவரியையும் மறைக்கக் கூடாது. ஆனால் தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமையை அரசியலமைப்பின் 20(3) பிரிவு தந்திருக்கிறது. காவலர் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சன்ஹிதாவின் 181-வது பிரிவே கூறுகிறது. நம் ஊரில் கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சியாக வைத்து எழுதும் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ நீதிமன்றத்தில் முழுமையாக எடுபடாது. அதைக் கொண்டு ஏதேனும் பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த வரிகள் மட்டுமே சாட்சியமாகும். வெற்றுத்தாளில் பிறகு எதையும் எழுதிக்கொள்ள முடியும் என்பதால், நடந்ததைத் தேதி, நேரத்துடன் எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு உடனே விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

வக்கீலைத் தாராளமாக அழைத்துச் செல்லலாம். கைதானவர் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க சன்ஹிதாவின் 38-வது பிரிவு உரிமை தருகிறது. ஆனால் விசாரணை முடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது. பல நிலையங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் வாசலில் ஒரு வக்கீல் காத்திருப்பது உள்ளே இருப்பவர்களின் தொனியை மாற்றும்.

ஒருவேளை கைது செய்தால், அதற்கான காரணத்தை மகனுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தந்து, உங்களுக்கும் தெரிவித்து, மருத்துவப் பரிசோதனை செய்து, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் மருத்துவரிடமும் நடுவரிடமும் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும், மருத்துவச் சான்று பெற்று ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன பிறகுதான் இறந்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வக்கீல் வைக்க வசதியில்லையென்றால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் இலவச சட்ட உதவி கேட்கலாம்.