11 எம்பி-யைத் தாண்ட மறுக்கும் கேபிள்

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் குடும்பப் படங்கள், கல்யாண வீடியோக்கள் எல்லாம் சேர்த்து 600 ஜிபி இருக்கிறது. புது லேப்டாப்புக்கு மாற்றுவதற்காக இரண்டையும் ஒரு நெட்வொர்க் கேபிளால் நேரடியாக இணைத்து, ஃபோல்டரையும் பகிர்ந்துவிட்டேன். ஆனால் வேகம் விநாடிக்கு 11 எம்பி-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. விலை கூடிய கேபிள் வாங்கவா, அல்லது ஏதாவது செட்டிங்கை மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன 11 என்ற எண்ணிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

நெட்வொர்க் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். காப்பி ஆகும்போது விண்டோஸ் காட்டுவது மெகாபைட், அதாவது எம்பி. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக 100 மெகாபிட் இணைப்பில் கணக்குப்படி 12.5 மெகாபைட் போக வேண்டும். தரவைப் பொட்டலம் கட்டி முகவரி ஒட்டி அனுப்பும் செலவு போக, கைக்கு வருவது 11 அல்லது 11.5. கிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்பாக இருந்தால் இதே கணக்கில் 110-ஐ ஒட்டி வரும். உங்கள் 600 ஜிபி ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வேகம் ஏறி இறங்காமல் 11-லேயே நிற்கிறது என்றால், இரண்டு கம்ப்யூட்டரும் 100 மெகாபிட்டில்தான் பேசிக்கொண்டிருக்கின்றன.

இதை ஒரு நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம். கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் இணைப்புகள் பக்கத்துக்குப் போய் 'ஈதர்நெட்' என்பதை டபுள் கிளிக் செய்யுங்கள். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் ஸ்பீட் என்ற வரியில் 100 எம்பிபிஎஸ் (100 மெகாபிட்) என்று இருக்கிறதா, 1.0 ஜிபிபிஎஸ் (கிகாபிட்) என்று இருக்கிறதா? 100 என்றால் மூன்று பேர்தான் சந்தேகப் பட்டியலில்: கேபிள், அதைச் செருகும் போர்ட், யாரோ எப்போதோ மாற்றி வைத்த செட்டிங்.

என் அனுபவத்தில் முதல் குற்றவாளி கேபிள். அதுவும் கடையில் பொட்டலமாக வாங்கியது இல்லை, வீட்டில் இணையம் போட வந்தவர் சுருளிலிருந்து வெட்டி, முனையில் கிளிப் அடித்துக் கொடுத்தது. நெட்வொர்க் கேபிளுக்குள் 8 கம்பிகள், முறுக்கிய 4 ஜோடிகளாக இருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். வழக்கமான கிளிப்பில் அவை ஆரஞ்சும் பச்சையும். கிகாபிட்டுக்கு நீலமும் பழுப்பும் சேர்த்து நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு கம்பி தொடாமல் இருந்தாலும் பல கம்ப்யூட்டர்கள் பிழை எதுவும் காட்டாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி வேலை செய்துகொண்டிருக்கும்.

எங்கள் வீட்டு மாடிக்கு இழுத்த கேபிள் இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. இணையத் திட்டமே 50 மெகாபிட் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருநாள் மாடி கம்ப்யூட்டருக்குப் பெரிய வீடியோ ஒன்றை அனுப்பியபோதுதான் இதே 11. கிளிப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏழு கம்பி முனை வரை வந்திருந்தது. பழுப்பு மட்டும் ஓர் அரிசி நீளம் எட்டாமல் உள்ளே நின்றது. வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் அடித்ததும் ஈதர்நெட் பெட்டியில் 1.0 ஜிபிபிஎஸ்.

நீங்களும் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்து எண்ணிப் பாருங்கள். கண்ணாடி போல இருப்பதால் உள்ளே தெரியும். இரண்டு முனையிலும் 8 நிறமும் ஒரே வரிசையில், முனையைத் தொட்டபடி இருக்க வேண்டும். நான்கு கம்பி மட்டும் இருந்தால் அதோடு விசாரணை முடிந்தது. கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், அக்கம்பக்கத்தில் ஒரு கேபிளை வாங்கி மாற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. புதிதாக வாங்குவதென்றால் கேட் 5இ அல்லது கேட் 6 தரம், முழுத் தாமிரக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய மலிவு ரகம் எளிதில் உடையும். கேட் 7, கேட் 8 என்று விலை ஏற்றிச் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். கிகாபிட்டுக்கு அவற்றால் ஒரு பைட்கூட அதிகம் வராது. இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாக இணைக்க, ஒரு முனையில் கம்பி வரிசையை மாற்றிப் போட்ட 'கிராஸ் கேபிள்' வேண்டும் என்பதும் பழைய காலத்துக் கதை. கிகாபிட் போர்ட்டுகள் எதிர்முனையைத் தாமே புரிந்துகொள்ளும்.

கேபிள் நல்லதாக இருந்தும் 100-ஐத் தாண்டவில்லையா? பழைய டெஸ்க்டாப்பின் போர்ட்டே 100 மெகாபிட் வகையாக இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் பெயரைப் பாருங்கள். ஃபாஸ்ட் ஈதர்நெட் என்று இருந்தால் அது 100 மட்டும்தான், கிகாபிட் அல்லது ஜிபிஇ என்று இருந்தால் 1000. அங்கேயே அட்வான்ஸ்டு பகுதியில் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் என்பது ஆட்டோ நெகோஷியேஷன் (இரு முனையும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்வது) நிலையில் இருக்க வேண்டும். வேகம் கூடும் என்று நினைத்து ஒரு பக்கம் மட்டும் கைமுறையாக வேறு எண்ணைப் போட்டால் இரண்டும் ஒத்துப்போகாமல் வேகம் இன்னும் படுத்துவிடும்.

100 மெகாபிட் போர்ட்டுக்கு மருந்து, யுஎஸ்பி-யில் செருகும் கிகாபிட் அடாப்டர். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய டெஸ்க்டாப்பில் யுஎஸ்பி 2.0 மட்டும் இருந்தால், ஈதர்நெட் பெட்டி 1.0 ஜிபிபிஎஸ் என்று காட்டினாலும் உண்மையில் 35, 40 எம்பி-க்கு மேல் போகாது. யுஎஸ்பி 2.0-இன் உச்சமே 480 மெகாபிட்தான். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3 போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள். இல்லாவிட்டாலும் 40 என்பது இப்போதைய வேகத்தைப் போல மூன்றரை மடங்கு. ஒருமுறை வேலைக்கு அது தாராளம்.

சரி, 1.0 ஜிபிபிஎஸ் வந்துவிட்டது, 110-இல் கிளம்பி கொஞ்ச நேரத்தில் 60, 70 என்று இறங்குகிறது என்றால் கேபிளைத் திட்டாதீர்கள். அது பழைய ஹார்டு டிஸ்கின் மூச்சு. சுழலும் தட்டில் வெளிவட்டத்தில் வேகமாகப் படிக்கும். உள்வட்டத்துக்குப் போகப் போகப் பாதியாகக் குறையும். டிஸ்க் மேல் பழி போடுமுன் உறுதி வேண்டுமா? ஐபெர்ஃப்3 என்ற இலவச நிரல், டிஸ்கைத் தொடாமல் கேபிள் வழியை மட்டும் அளக்கும். இரண்டிலும் அதை ஓட்டி 940 மெகாபிட்டை ஒட்டி வந்தால் நெட்வொர்க்கில் குறையில்லை.

படங்கள் போகும்போது வேகம் 5-க்கும் 50-க்கும் இடையே குதிக்கும். அதற்கும் பயப்பட வேண்டாம். 4 ஜிபி வீடியோ ஒன்றை அனுப்புவதும், அதே 4 ஜிபி-யை ஆயிரம் படங்களாக அனுப்புவதும் ஒன்றில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் திற, பெயர் எழுது, மூடு என்று ஒரு சடங்கு உண்டு. ஆன்டிவைரஸ் வேறு ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்கும். இழுத்துப் போடுவதற்குப் பதில் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளையை 'எம்டி' சுவிட்சோடு (கட்டளையின் கடைசியில் /MT என்று சேர்த்து) ஓட்டினால் ஒரே நேரத்தில் 8 கோப்புகளை அனுப்பும். நடுவில் கரன்ட் போனாலும் கவலையில்லை. அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் மாறாமல் போய்ச் சேர்ந்தவற்றை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்பலாமே என்பார்கள். பழைய டிஸ்க் ஒருமுறை படித்து, எழுதி, மறுபடி படிக்க வேண்டும். எனக்கு அதில் லாபம் தெரியவில்லை.

இன்னொன்று, கேபிள் செருகியிருந்தாலும் கோப்புகள் வைஃபை வழியாகவே போய்க்கொண்டிருக்கலாம். இரண்டும் வீட்டு ரவுட்டரின் வைஃபை-யில் இருந்தால் ஒவ்வொரு பைட்டும் இரண்டு தடவை காற்றில் பயணிக்கிறது. அதனால் இரண்டிலும் வைஃபை-யை அணைத்துவிட்டு, கேபிள் இணைப்புக்குக் கையால் ஐபி முகவரி கொடுங்கள்: ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் இரண்டுக்கும் 255.255.255.0. கேட்வே காலியாக இருக்கட்டும். பகிர்ந்த ஃபோல்டரைக் கம்ப்யூட்டர் பெயரால் தேடாமல் இந்த எண்ணைக் கொடுத்தே திறங்கள்.

ஜம்போ ஃபிரேம், ரெஜிஸ்ட்ரி மாற்றம், 2.5 கிகாபிட் அடாப்டர் என்று யூடியூப் சொல்வதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. 110-ஐயே தொடர்ந்து தர முடியாத டிஸ்குக்கு அகலமான பாதை போட்டு என்ன பயன்?

ஆரம்பிக்கும் முன் இரண்டிலும் ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும். புது லேப்டாப்பில் நாலைந்து வீடியோவை ஓட்டிப் பார்த்த பிறகு பழையதை அழித்துக்கொள்ளலாம். அப்புறம், கையால் கொடுத்த ஐபி-யை மறக்காமல் பழையபடி 'தானாகப் பெறு' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே போர்ட்டில் ரவுட்டர் கேபிளைச் செருகி, இணையம் வரவில்லை என்று எனக்கு இன்னொரு கேள்வி அனுப்ப வேண்டியிருக்கும்.