எஸ்இஓ ஆளைப் பிடிக்கும் முன் தராசை வாங்கிக்கொள்ளுங்கள்

கேள்வி: அப்புத்தளையில் நானும் மனைவியும் நான்கு அறைகளோடு ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கொழும்பிலிருந்து ஒருவர் போன் எடுத்து, மாதம் 40,000 ரூபாய் தந்தால் 30 நாளில் எங்கள் இணையத்தளத்தைக் கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். ஆறு மாதக் காசை முன்கூட்டியே கேட்கிறார். நம்பலாமா? நல்ல எஸ்இஓ (விளம்பரம் இல்லாமல் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) ஆலோசகரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இவருக்குக் காசு கொடுக்காதீர்கள். முதல் இடம் உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது, இதைக் கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. செய்த வேலைக்குப் பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை பிடிக்கும் என்றும் அது சொல்கிறது. அப்படியென்றால் 30 நாளில் இவர் எதைக் காட்டப் போகிறார்? உங்கள் ஹோம்ஸ்டேயின் பெயரையே தட்டித் தேடிக் காட்டுவார். அந்தப் பெயரில் உலகத்திலேயே ஒரு வீடுதான் இருக்கிறது, அது முதலில் வராமல் எங்கே போகும்! இல்லாவிட்டால் கூகுள் விளம்பரத்துக்குக் காசு கட்டி மேலே வரவைப்பார். விளம்பரம் தப்பில்லை, ஆனால் அது எஸ்இஓ இல்லை, காசு நின்ற அன்றைக்கே அதுவும் நின்றுவிடும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள், தராசு அவர்கள் பக்கம் இருப்பதால் அம்மாவால் முணுமுணுக்க மட்டும்தான் முடியும். எஸ்இஓவில் அந்தத் தராசின் பெயர் சேர்ச் கன்சோல். கூகுள் இலவசமாகத் தருவது. எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் அதை அழுத்தி உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதக் கணக்கை அதில் பார்க்கலாம். அதை உங்கள் ஜிமெயிலில், நீங்களே உரிமையாளராக இருந்து திறந்துகொள்ளுங்கள். ஆலோசகரைப் பயனராகச் சேர்த்தால் போதும், வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். கூகுள் மேப்பில் வரும் உங்கள் பிசினஸ் புரொபைலுக்கும் இதே முறைதான்: அவர் மேலாளர், முதலாளி நீங்கள். எந்தப் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டியதில்லை.

டொமைன், அதாவது உங்கள் தளத்தின் இணைய முகவரி, விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நுவரெலியாப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர், எல்லாவற்றையும் ஆலோசகரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டதில், டொமைனும் அந்த ஆலோசகர் பெயரிலேயே பதிவாகிவிட்டது. ஒரு பில் விஷயத்தில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. அடுத்த வாரம் தளமே இல்லை. ஏழு வருடமாக விசிட்டிங் கார்டில் அடித்த முகவரி, அப்புறம் வேறு பெயர் வாங்கி முதலிலிருந்து தொடங்கினார். பதிவு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சலும் உங்களுக்கே வர வேண்டும்.

சரி, நல்ல ஆளை எப்படி அடையாளம் காண்பது? அவர் சொல்லும் பதிலைவிட அவர் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். எந்த மாதம் அறை காலியாகக் கிடக்கிறது, விருந்தினர் எந்த நாட்டுக்காரர், நேரடியாக வருகிறார்களா புக்கிங் டாட் காம் வழியாகவா, அதற்கு எவ்வளவு கமிஷன் போகிறது என்றெல்லாம் கேட்காமலே விலை சொல்பவர் எல்லாருக்கும் ஒரே பொதியைத்தான் விற்கிறார். மாத ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு தடவை தளத்தை ஆராய்ந்து எழுத்தில் அறிக்கை தரச் சொல்லி, அதற்கு மட்டும் காசு கொடுங்கள். அந்த வேலைக்குப் பார்க்க மட்டும் அனுமதி போதும். முன்பு வேலை செய்த இரண்டு பேரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள், கூச்சப்படாமல் எடுத்துப் பேசுங்கள்.

"மாதம் 500 பேக்லிங்க்" (மற்றத் தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) என்று யாராவது சொன்னால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். காசுக்கு இணைப்பு வாங்கி இடம் பிடிப்பது கூகுளின் விதிக்கு மாறானது, 2012இல் கூகுள் தேடலில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தபோது அப்படி ஏறிய பல தளங்கள் மளமளவென்று இறங்கின. தண்டனை விழுவது உங்கள் தளத்தின் மீது, அந்த ஆள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். காசுக்குப் போலி ரிவியூ எழுதித் தருகிறேன் என்பவரும் இதே ரகம்தான்.

ஒரு விஷயம் வெளிப்படையாகச் சொல்கிறேன். "அப்புத்தளை ஹோட்டல்" என்ற தேடலில் புக்கிங், அகோடா, ட்ரிப்அட்வைசரோடு நான்கு அறை வீடு மல்லுக்கட்டுவது வீண். ஆனால் விடியலில் லிப்டன் சீட் போக எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், ஆட்டோவுக்கு எவ்வளவு, மூடுபனி என்றால் என்ன செய்வது, பஸ்ஸை விட்டு இறங்கிப் பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு நடக்க முடியுமா, இதையெல்லாம் வெள்ளைக்காரர் தேடத்தான் செய்கிறார். உங்களைப் போல இதற்குப் பதில் எழுத அந்தப் பெரிய தளங்களில் யாரும் இல்லை. ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் எழுதி, நீங்களே எடுத்த படங்களைப் போட்டு, மேப்பில் உங்கள் இடம் சரியான திருப்பத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இதை முடித்துவிட்டு ஆறு மாதம் கன்சோலைக் கவனித்தால், மாதாமாதம் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்தக் கொழும்பு ஆள் மறுபடி எடுத்தால், "கணக்கெல்லாம் என் பெயரில் இருக்கும், முன்பணம் இல்லை, முதலில் ஆய்வறிக்கை மட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். அநேகமாக அவரே போனை வைத்துவிடுவார்.